சக்கரக் கல் பிரேஸ்லெட் வாங்கப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று வருடத்துக்கு முன் தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். கையில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் 35 ரிங்கிட்டுக்கு வாங்கிய ஏழு நிற சக்கர பிரேஸ்லெட். பாதி தூரம் ஏறியதும் பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "என்னடி இது, உன் சக்கரமெல்லாம் சாயம் போகுது?" குனிந்து பார்த்தால், வியர்வையில் நீலமும் பச்சையும் கரைந்து வெள்ளைச் சட்டையின் கை ஓரம் முழுக்க ஒழுகியிருந்தது. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு மணியாகச் சோதித்ததில் ஏழில் இரண்டுதான் பெயருக்கேற்ற கல். மிச்சமெல்லாம் சாயம் ஏற்றிய வேறு கல், கண்ணாடி.

அதற்கப்புறம் லிட்டில் இந்தியாவில் பூஜைச் சாமான் கடைகளிலும், நகை செய்யும் பத்தர்களிடமும், சீனர்களின் கல் கடைகளிலும் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் காசையும் விட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்பீர்கள். உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதில் நிறைய உண்டு. கல் தானாக எதையாவது செய்யும் என்பதில் இல்லை. பாட்டிமார் ஒரு விஷயம் மறக்கக்கூடாது என்றால் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்களே, எனக்குக் கல் அந்த முடிச்சு. அதை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் 400 ரிங்கிட் சொல்லும்போது பதறாமல் நிற்கலாம்.

முதல் படி: சக்கரங்களை நம் பக்கத்திலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்

யோகா ஸ்டூடியோ போஸ்டரில் பார்த்ததை மறந்துவிடுங்கள். தியானத்தில் மனதை நிறுத்த உடம்பில் குறித்து வைத்த இடங்கள்தான் சக்கரங்கள், தமிழில் இவற்றுக்கு ஆறு ஆதாரங்கள் என்று பெயர். திருமந்திரம் பேசுகிறது, விநாயகர் அகவலில் மூலாதாரம் வருகிறது, சின்ன வயதில் கோவிலில் பொருள் தெரியாமலே நாம் பாடியதுதான். உச்சந்தலையில் இருக்கும் சகஸ்ராரத்தையும் சேர்த்தால் ஏழு.

அடியிலிருந்து மேலே போவோம். முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரம்: நான்கு இதழ், நிலம், பிள்ளையார், "லம்" என்ற எழுத்து. அதற்குமேல் அடிவயிற்றில் சுவாதிட்டானம்: ஆறு இதழ், நீர், "வம்". தொப்புள் பக்கம் மணிபூரகம்: பத்து இதழ், நெருப்பு, "ரம்". நெஞ்சில் அநாகதம்: பன்னிரண்டு இதழ், காற்று, "யம்". தொண்டையில் விசுத்தி: பதினாறு இதழ், ஆகாயம், "ஹம்". புருவ நடுவில் ஆக்ஞை, இரண்டே இதழ், "ஓம்". இந்த ஆறின் இதழ்களையும் கூட்டிப் பாருங்கள், 50 வரும். சமஸ்கிருத எழுத்துகள் 50 என்று வைத்து, இதழுக்கு ஓர் எழுத்தாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மேலே சகஸ்ராரத்துக்கு ஆயிரம் இதழ்.

உடம்பில் இருப்பதை ஊரிலும் பார்ப்பது நம் வழக்கம். திருவாரூர் மூலாதாரம், திருவானைக்காவல் சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை என்று சொல்வார்கள். இந்தியா போய்க் கோவில் சுற்றி வந்த உறவினர் யாராவது வீட்டில் இருந்தால், நெருப்புக்கு அண்ணாமலை, ஆகாயத்துக்குச் சிதம்பரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒட்டிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பஞ்சபூதத் தலம் என்று பார்த்தால் சிதம்பரம் ஆகாயம், ஆதார வரிசையில் அது நெஞ்சு, அதாவது காற்று. இரண்டும் வேறு வேறு கணக்கு, போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சக்கரம் என்பது ஸ்கேனில் தெரிகிற உறுப்பு இல்லை. தியானத்தில் மனதை நிறுத்துவதற்கான இடம். "உங்கள் மூன்றாவது சக்கரம் அடைத்துக்கொண்டிருக்கிறது" என்று யாராவது உங்கள் உள்ளங்கையைப் பார்த்தே சொன்னால், அடுத்த வாக்கியத்தில் விலை வரும்.

இரண்டாம் படி: வானவில் எங்கிருந்து வந்தது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். மூலாதாரம் சிவப்பு, சுவாதிட்டானம் ஆரஞ்சு, மணிபூரகம் மஞ்சள், அநாகதம் பச்சை, விசுத்தி நீலம், ஆக்ஞை கருநீலம், சகஸ்ராரம் ஊதா. இந்த வரிசை ஏதோ ரிஷிகள் காலத்தது என்று எல்லாரும் நினைக்கிறோம். இல்லை. ஆறு சக்கரங்களை விவரமாகச் சொல்லும் சமஸ்கிருத நூல் ஒன்றை வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் எழுதினார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப் அதை 1919இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகுதான் மேல்நாட்டில் சக்கரம் என்ற சொல்லே பரவலானது. அந்த மூலநூலில் மணிபூரகத்தின் இதழ்கள் கார்மேக நிறம், அநாகதத்தின் இதழ்கள் செம்பூ நிறம், ஆக்ஞை நிலா வெள்ளை. நெஞ்சுக்குப் பச்சை என்ற பேச்சே கிடையாது. வானவில் வரிசை 20ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டில் ஒட்டியது, 1970களுக்குப் பிறகுதான் எங்கும் பரவியது. கல் அதற்கும் பிறகு ஒட்டிக்கொண்டது.

நம்மிடம் கல்லுக்குப் பழைய கணக்கு இருக்கிறது, ஆனால் அது கிரகத்துக்கு. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். இது நவரத்தினம், ஜோதிடர் வேலை. சக்கரக் கல் வேறு. நான் முதலில் ஊதா நிறச் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) மோதிரம் போட்டபோது பெரியம்மா விட்ட முதல் கேள்வி, "ஜாதகம் பார்த்தியா?" என்பதுதான். காரணம் இருக்கிறது. நீலக்கல் வாங்க முடியாதவர்களுக்கு அதற்குப் பதில் செவ்வந்திக்கல்லைச் சொல்லும் ஜோதிடர்கள் உண்டு. சனி என்றால் நம் வீடுகளில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. பெரியவர்கள் இருக்கும் வீடாக இருந்தால் வாங்கும் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வாங்கிய பிறகு நடக்கும் விசாரணையைவிட அது சுலபம்.

நிறம் புதியது என்பதால் அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். முந்தானை முடிச்சுக்கு எந்த முந்தானை என்பதா முக்கியம்? ஆனால் "இந்தப் பச்சைதான் சரியான பச்சை, அதனால்தான் இந்த விலை" என்ற பேச்சுக்கு மட்டும் அடித்தளம் இல்லை.

மூன்றாம் படி: ஏழும் வேண்டாம், ஒன்று போதும்

புதியவர்கள் எல்லாரும் ஏழு நிற செட்டைத்தான் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். ஏழு விஷயத்தை ஒரே நேரத்தில் ஞாபகப்படுத்தும் முடிச்சு எதையும் ஞாபகப்படுத்தாது. இப்போது உங்களுக்கு எது தேவையோ அந்த ஒன்றை எடுங்கள்.

வீடு மாறியிருக்கிறீர்கள், வேலை ஆட்டம் காண்கிறது, தரையில் கால் ஊன்றின மாதிரி இல்லை என்றால் மூலாதாரம். இதற்குச் சிவப்பு ஜாஸ்பர், கார்னெட், கருப்பு டூர்மலின், ஹேமடைட் என்று விற்பார்கள். ஜாஸ்பர் மலிவு, கெட்டி, எளிதில் கீறல் விழாது, ஆரம்பத்துக்கு அதைவிட நல்லது இல்லை.

சுவாதிட்டானத்துக்கு ஆரஞ்சு நிற கார்னேலியன். இதன் தமிழ்ப் பெயரைக் கேட்டால் உங்களுக்கே பிடித்துப்போகும்: சூதுபவளம். கீழடியிலும் கொடுமணலிலும் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த மணிகளில் இது இருக்கிறது. அங்கே மட்டுமா, பக்கத்தில் பேராக்கில் கோலா செலின்சிங்கில் ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்று பல்லவ எழுத்தில் செதுக்கிய சூதுபவள முத்திரை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் கடல் தாண்டி வந்த கல் இது. சக்கரம், சக்தி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தக் காரணத்துக்காகவே என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்த கல் இதுதான்.

மணிபூரகத்துக்குப் புலிக்கண் என்று சொல்லும் டைகர் ஐ, அல்லது சிட்ரின். அநாகதத்துக்கு ரோஸ் குவார்ட்ஸ், பச்சை அவெஞ்சுரின், ஜேட். விசுத்திக்கு லாபிஸ், டர்க்காய்ஸ், அமேசோனைட். மேடையில் பேச வேண்டியவர்கள், ஆசிரியர்கள், வீட்டில் வாய் திறக்கப் பயப்படும் மருமகள்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆக்ஞைக்கு லாபிஸ், சோடலைட் அல்லது செவ்வந்திக்கல். சகஸ்ராரத்துக்கு ஸ்படிகம். ஸ்படிகம் அநேகமாக உங்கள் பூஜை அறையிலேயே இருக்கும், தாத்தாவின் மாலையைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு காசு செலவில்லை.

கருங்காலி மாலை எங்கே என்று கேட்பவர்களுக்கு: அது மரம், கல் இல்லை. அதில் நடக்கும் போலி வியாபாரத்துக்குத் தனியாக எழுத வேண்டும்.

நான்காம் படி: கடையில் செய்ய வேண்டியது

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். கையில் போனின் டார்ச், கொஞ்சம் பஞ்சு, சின்ன பாட்டிலில் நெயில் பாலிஷ் ரிமூவர். கேட்டுவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், சரியா.

முதலில் கல்லைக் கன்னத்தில் வையுங்கள். குவார்ட்ஸ் வகை எல்லாம் ஜில்லென்று இருக்கும், கையில் பிடித்தாலும் சூடேற நேரமாகும். கண்ணாடி சீக்கிரம் சூடாகும், பிளாஸ்டிக்குக்கு ஜில்லிப்பே கிடையாது. ஏர்கான் கடையில் எல்லாமே ஜில்லென்று இருக்கும் என்பதால் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் மூடி வைத்துப் பாருங்கள். அடுத்து டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள். உள்ளே உருண்டையாகக் காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடி. நிஜ ஸ்படிகத்தில் மெல்லிய கீற்றோ மேகமோ இருக்கும். விரல் கணுவளவு பெரிய மணிகள், துளி மாசில்லாமல், மாலை 30 ரிங்கிட் என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சாயத்தைப் பிடிக்க மணியின் துளையைப் பாருங்கள். சாயம் துளை ஓரத்திலும் வெடிப்புகளிலும்தான் போய்த் தேங்கும், அங்கே நிறம் திட்டாக அடர்ந்திருக்கும். ரிமூவர் தொட்ட பஞ்சால் துளை ஓரத்தைத் தேய்த்தால் பல சாயங்கள் பஞ்சில் வந்துவிடும். என் தைப்பூச நீலம் இப்படித்தான் பிடிபட்டது, டர்க்காய்ஸ் என்று விற்றது ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லில் ஏற்றிய சாயம்.

சில பெயர்களைக் கேட்டதுமே உஷாராகுங்கள். ஓபலைட், செர்ரி குவார்ட்ஸ், கோல்ட்ஸ்டோன் மூன்றும் மனிதர் செய்த கண்ணாடி. அழகாக இருக்கும், அழகுக்காக வாங்குங்கள், கல் விலை கொடுக்காதீர்கள். காந்தம் ஒட்டும் "ஹேமடைட்" மணிகள் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்தவை. சிட்ரின் என்று விற்பதில் பெரும்பகுதி செவ்வந்திக்கல்லைச் சூளையில் சுட்டு மஞ்சளாக்கியது, அடியில் வெள்ளையும் நுனியில் கருகின ஆரஞ்சும் இருந்தால் அதுதான். அதுவும் குவார்ட்ஸ்தான், போலி என்று சண்டை போட முடியாது, இயற்கை சிட்ரின் விலைக்கு மட்டும் வாங்காதீர்கள். எல்லாவற்றிலும் எனக்குச் சிரிப்பு வருவது "மலேசிய ஜேட்". நம் நாட்டுக் கல் என்று பெருமையாக எடுத்துப் பார்ப்போம். அது சாயமேற்றிய குவார்ட்சுக்கு வியாபாரத்தில் வழங்கும் பெயர்.

விலை விஷயம். ஜாஸ்பர், புலிக்கண், அவெஞ்சுரின் மாதிரிக் கற்களைக் கோத்த பிரேஸ்லெட்டாக வாங்காமல் சரமாக வாங்குங்கள். 8 மி.மீ மணிச் சரம் ஒன்று சுமார் 38 செ.மீ நீளம் இருக்கும், அதில் இரண்டு பிரேஸ்லெட் வரும். ஒன்று உங்களுக்கு, ஒன்று தங்கச்சிக்கு. "சார்ஜ் செய்தது", "மந்திரம் ஏற்றியது" என்று கூடுதலாகக் கேட்டால், "அண்ணே, நான் வீட்டிலேயே ஏத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரியுங்கள். அவர்களும் சிரிப்பார்கள்.

பதக்கமாகவோ மோதிரமாகவோ வேண்டும் என்றால் 925 வெள்ளி போதும். 916 தங்கத்தில் கட்டினால் கூலியும் சேதாரமும் கல்லைவிடப் பல மடங்கு ஆகிவிடும், பிறகு அதை விற்கப் போனால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் பணம் தருவார்கள். பத்தரிடம் கல்லைக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்து, எடை போட்டு, இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை, ஒரே மாதிரி பத்துக் கல் மேசையில் கிடந்தால் மாறிப்போவது சகஜம்.

ஐந்தாம் படி: நீங்களே கோத்துக்கொள்ளுங்கள்

மணிக்கட்டை ஒரு நூலால் அளந்து அதோடு 2 செ.மீ சேர்த்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ மணிக்கட்டு என்றால் 17. 8 மி.மீ மணியில் 21 போதும். இழுபடும் பிரேஸ்லெட் நூல் 0.8 மி.மீ வாங்குங்கள், கோக்கும் முன் நான்கைந்து முறை இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே வாரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். ஒரு முனையில் டேப் ஒட்டிவிட்டுக் கோத்துக்கொள்ளுங்கள். இதை ஒட்டாமல் நான் இரண்டு தடவை மொத்தத்தையும் தரையில் கொட்டினேன். முடிச்சுப் போடும்போது முதல் சுற்றை இரண்டு முறை முறுக்கி இறுக்கி, அதன்மேல் இன்னொரு முடிச்சு, ஒரு சொட்டு பசை, காய்ந்ததும் முடிச்சைப் பக்கத்து மணியின் துளைக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள்.

ஜபமாலை என்றால் 108 மணி, அதோடு எண்ணிக்கை தொடங்கும் இடத்தைக் காட்டும் ஒரு தலைமணி, அதாவது மேரு. 8 மி.மீயில் கோத்தால் சுற்றளவு 86 செ.மீ தாண்டும், கனக்கும். 6 மி.மீயில் மணிகள் மட்டும் 65 செ.மீ, நெஞ்சில் வந்து நிற்கும், எனக்கு அதுதான் வசதி. இதற்கு இழுபடும் நூல் வேண்டாம், கெட்டியான பருத்தி அல்லது நைலான் நூலில் மணிக்கு மணி முடிச்சுப் போடுங்கள். அறுந்தாலும் ஒன்றுதான் உருளும்.

எங்கே அணிவது? விசுத்தி என்றால் கழுத்தை ஒட்டிய குட்டைச் சங்கிலி, அநாகதம் என்றால் நெஞ்சில் விழும் நீளச் சங்கிலி. மூலாதாரக் கல்லைச் சிலர் கொலுசில் கோக்கிறார்கள், வெள்ளியில் செய்யுங்கள், இடுப்புக்குக் கீழே தங்கம் போட்டால் வீட்டில் கேள்வி வரும். பையில் ஒரு கல் போட்டுக்கொண்டாலும் போதும். "மெட்டி போட்டால் இந்த நரம்பு, ஒட்டியாணம் போட்டால் அந்தச் சக்கரம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்குள் நான் போகவில்லை.

ஆறாம் படி: உட்காருவது

கல்லை வாங்கிக் கையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். வேலை இங்கேதான் ஆரம்பம். தினமும் ஒரே நேரம், பத்து நிமிடம். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தி உட்காருங்கள், நாற்காலியிலும் உட்காரலாம். கல்லை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சக்கரத்தின் இடத்தில் மனதை நிறுத்தி, மூச்சை வெளியே விடும்போது அதற்குரிய எழுத்தை மெதுவாகச் சொல்லுங்கள். 27 முறை. எண்ணிக்கை தவறினால் தவறட்டும். பகலில் கோபம் வரும்போதோ தொண்டை அடைக்கும்போதோ கையிலிருக்கும் மணியை விரல் தொட்டால் காலையில் உட்கார்ந்த அந்தப் பத்து நிமிடம் ஞாபகம் வரும். முடிச்சு என்று சொன்னேனே, அது இதுதான்.

மூச்சை அடக்கும் பயிற்சிகளை யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள், கர்ப்பிணிகளும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கண்டிப்பாகக் கூடாது. குண்டலினியை எழுப்பும் வேலையெல்லாம் நேரில் குரு இல்லாமல் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. 2001இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் ஒரு சோதனையின் முடிவை மாநாட்டில் சொன்னார். 80 பேரிடம் சிலருக்கு நிஜக் கல், சிலருக்குப் போலிக் கல் கொடுத்துத் தியானம் செய்யச் சொன்னார்கள். கையில் சூடு, கூச்சம், மன அமைதி என்று இரண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். என்னென்ன தோன்றும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்கு அது கூடுதலாகத் தோன்றியது. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. அமைதி 18 ரிங்கிட் சரத்திலும் வரும் என்றுதானே அர்த்தம்! ஆனால் தைராய்டுக்கு லாபிஸ், சர்க்கரைக்குச் சிட்ரின் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்துவதற்கு எந்தக் கல்லும் காரணம் ஆகக்கூடாது.

ஏழாம் படி: பராமரிப்பு

சுத்தப்படுத்துகிறேன் என்று எல்லாக் கல்லையும் உப்புத் தண்ணீரில் போட்டு மொட்டை மாடி வெயிலில் காயவைப்பது ரொம்பத் தப்பு. செவ்வந்திக்கல்லும் ரோஸ் குவார்ட்சும் நம் ஊர் வெயிலில் கிடந்தால் நாளடைவில் வெளுத்துவிடும். செலினைட் ஜிப்சம் வகை, நகத்தாலேயே கீறலாம், தண்ணீரில் மெல்ல மெல்லக் கரையும். டர்க்காய்ஸ், முத்து, லாபிஸ் மூன்றும் உப்பு, சென்ட், சானிடைசர் எதையும் தாங்காது. ஈரத் துணியால் துடைத்து உலர வையுங்கள், போதும். சாமி கும்பிடும்போது சாம்பிராணிப் புகையில் ஒரு முறை காட்டினால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, மனதுக்கும் திருப்தி.

குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் கல்லைப் போடும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. வேண்டாம். பச்சை வரி போட்ட மாலக்கைட்டில் செம்பு இருக்கிறது, சின்னபாரில் பாதரசம், கலீனாவில் ஈயம். எந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று மனப்பாடம் செய்வதைவிட ஒரு கல்லையும் போடாமல் இருப்பது சுலபம்.

பினாங்குக் காற்றின் ஈரத்தில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும், காற்றுப் போகாத சின்னப் பையில் போட்டு வையுங்கள். இழுபடும் நூல் வியர்வையில் இற்றுப்போகும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். மாற்ற மறந்து அறுந்தால், "கல் உன் திருஷ்டியை வாங்கிக்கொண்டது, தூக்கிப் போடு" என்று யாராவது சொல்வார்கள். எனக்குப் போன மாதம் அடுப்படியில் அறுந்தது, பெரியம்மாவும் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே முட்டி போட்டு பிரிட்ஜுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவி, இருபத்தொரு சூதுபவளத்தையும் எண்ணி என் கையில் கொடுத்தார். நூல் வாங்கும்போது ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.